ஜூலிக்காவுக்காக வாங்கிய கணினி

ஜூன் 3
இன்றும் படமெடுக்க வந்த ஒரு கல்யாணம் கைவிட்டுப் போயிற்று. மணப்பெண்ணின் தாயார் நேராகவே கேட்டுவிட்டார்: என் கணினி எந்நேரமும் இணையத்தில் கிடக்கிறதாமே, ஆண்கள் கண்ணில் படக்கூடாத பெண்கள் கூடத்துப் படங்கள் வெளியே கசியுமாமே. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. ஜூலிக்காதான். இத்தனை வருடம் என்னோடு சேர்ந்து படமெடுத்தவள், தனிக்கடை போட்டதும் முதல் வேலையாக அவிழ்த்துவிட்ட புளுகு. பாவி.

ஜூன் 7
ஓரான் நகரத்துக்குப் போய்வந்தேன். வைஃபையே இல்லாத மதர்போர்டு வேண்டும் என்றதும் கணினிக் கடைக்காரர் யாசித் சிரித்தார்.
"ஏன் தங்கச்சி, ஊரோட சண்டையா?"
"ஊரோட இல்லண்ணே. ஒருத்தியோட."
ரேம் அறுபத்து நான்கு ஜிபி. பழையது ஒரு மணப்பெண் படத்துக்கே மூச்சுவாங்கியது. விளக்கு மினுக்கும் விளையாட்டுத் திரைகளை ஒதுக்கச் சொன்னேன். மணப்பெண் போடும் கஃப்தான் அங்கியின் சரிகை பித்தளையாகத் தெரிந்தால் நான் தொலைந்தேன். கிராஃபிக்ஸ் கார்டு நடுத்தரம் போதும். மிச்சப் பணத்தையெல்லாம் நிறம் தப்பாத திரைக்குப் போட்டேன்.

ஜூன் 8
திரையில் மருதாணி மருதாணியாகவே தெரிகிறது. அவ பார்க்கணும். பார்த்து வேகணும்.

ஜூன் 21
ஜூலிக்கா என் வாசலில்! படங்களைக் கொடுத்து முடித்ததும் மணப்பெண்ணின் தாயார் கண்ணெதிரே அவற்றை டிஸ்க்கிலிருந்து அழிப்பது எங்கள் வழக்கம், மறுபிரதியும் கூடாது. இவள் அவசரத்தில் வேறு கல்யாணத்தின் படங்களை அழித்துத் தொலைத்திருக்கிறாள். அந்த மணப்பெண் சபீராவுக்கு இன்னும் ஒரு படம்கூடக் கொடுக்கவில்லை. ஆண்கள் இருக்கும் கடைக்கு அந்த ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுபோகவும் முடியாது.
"மீட்டுக் கொடுடி நசீபா. உன் கால்ல விழறேன்."
காலில் விழவேண்டாம் என்றேன். சபீரா வீட்டு விருந்தில், பெண்கள் எல்லோர் முன்னாலும், என்னைப் பற்றிச் சொன்னது பொய் என்று சொல்லவேண்டும். சம்மதித்தால்தான் டிஸ்க்கைத் தொடுவேன்.
அழுதாள். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. எதுக்கு வரணும்?

ஜூன் 22
ஒன்றுவிடாமல் மீட்டுவிட்டேன்.

ஜூன் 25
சொல்லிவிட்டாள், அழிந்த படங்களை நான்தான் மீட்டேன் என்பதையும் சேர்த்து. தேநீர்த் தட்டுகளுக்கு நடுவே, தலையைக் குனிந்துகொண்டு. நான் ஒரு பாதாம் பலகாரத்தை எடுத்து நிதானமாக மென்றேன். அப்படி ஒரு ருசி.
சபீராவின் அம்மா வசீலா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிடித்த கையை விடாமலே கேட்டார்:
"அழிச்ச படத்தை எப்படிம்மா எடுத்தே?"
பெருமை தாங்கவில்லை எனக்கு. அழித்தாலும் படம் டிஸ்க்கில்தான் கிடக்கும், மேலே வேறு பதியாதவரை மீட்டுவிடலாம், நல்ல கணினியும் பொறுமையும் இருந்தால்... பாதியில்தான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே உறைத்தது. கூடத்துப் பெண்கள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.
"அப்போ என் மூத்தவ கல்யாணப் படம்? அதையும் என் கண்ணு முன்னாலதானே அழிச்சே?"
ஜூலிக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ஜூலை 2
காலையிலிருந்து தாய்மார்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். டிஸ்க்குகளை வாங்கி, என் சமையலறை உரலிலேயே போட்டு இடிக்கிறார்கள். புதுக் கணினியில் இருந்ததையும் கழற்றிக் கொடுத்தேன். வசீலாதான் இடித்தார்.
ஆகஸ்டில் எனக்கு ஒரு கல்யாணமும் இல்லை.
ஜூலிக்காவுக்கும் இல்லையாம். அந்த மட்டுக்கும் நிம்மதி.