மாதுளைக் கிளையில் மூன்று ஓட்டைப் பானை

வாடிப்பட்டி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீ சுகமாக இருக்கிறாய் என்ற சேதி மட்டும்தான் வந்து சேரவில்லை, அதைக் கேட்டு வரத்தான் இந்தக் காகிதத்தை அனுப்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறதம்மா. மலையடிவாரத்தில் அகழாய்வுக்குப் புதுக் குழி தோண்டப் போகிறோம், அங்கே டவர் கிடைக்காது என்று நீ சொன்னதையேதான் உன் அம்மாவிடம் காலையும் மாலையும் சொல்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே அதில் நம்பிக்கை குறைகிறது.

நடந்ததைச் சொல்கிறேன், திட்டாதே. அன்றைக்கு வீடியோவில் நீங்கள் அங்கே தோண்டுகிற அந்த ரோமாபுரித் தோட்டத்தைக் காட்டினாய் அல்லவா, எரிமலைச் சாம்பல் மூடி ரெண்டாயிரம் வருசமாக மண்ணுக்குள் கிடந்தது, செடியெல்லாம் மக்கிப் போய் வேர் இருந்த இடம் மட்டும் பொந்தாக இருக்கிறது, அதில் சாந்து ஊற்றினால் செத்த மரத்தின் வேர் அப்படியே உருவமாக வெளியே வருகிறது என்று. எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை, உன் சந்தோசத்தைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்தேன். பிறகு சின்னச் சின்னப் பானைகளைக் காட்டினாய், பக்கவாட்டில் மூன்று ஓட்டை, அடியில் ஒன்று. அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் அடி ஓட்டை வழியாகக் கிளையை உள்ளே விட்டு மண் போட்டு மரத்திலேயே தொங்கவிடுவார்கள், வேர் பிடித்ததும் கிளையைக் கீழே அறுத்துப் பானையோடு நட்டுவிடுவார்கள் என்றாய். அட, நம்ம பதியம்தானே என்றேன். நம்ம வீட்டு மாதுளையில போட்டு வைங்கப்பா, தைக்கு வந்து நானே நடுறேன் என்றாய்.

உன் அப்பனுக்கு அது போதாதா. மறுநாளே பானை செய்கிற சங்கிலியிடம் போய், சின்னப் பானையாக ஒன்று, பக்கத்தில் மூன்று ஓட்டை போட்டுத் தா என்றேன். அவர் கை வேலையை நிறுத்திவிட்டார். ஓட்டை நாங்க போடுறதில்லைங்கய்யா, அது அங்க வச்சுப் போடுறது, தோள்ல தூக்குறது யாரு, அதுக்குத் தக்கனதான் எடுக்கணும் என்றார். எங்கே வைத்து என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை பார். யாரும் தூக்க வேண்டாம் சங்கிலி, எம் பொண்ணுக்காகத்தான் என்று சொல்லி வாங்கி வந்து டிரில் மெஷினால் நானே துளை போட்டேன். சுடுகாட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துப் பிள்ளை பிணத்தைச் சுற்றி வரும், சுற்றுக்கு ஒரு ஓட்டை, மூன்றாவது சுற்றில் பின்னால் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கும். என் மூளை எங்கே மேயப் போனதோ.

பானையை மாதுளைக் கிளையில் கட்டி, மண் நிரப்பி, தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். மூன்று ஓட்டையிலும் ஒழுகியது. அப்போதுதான் மாயக்காள் அத்தை தலையை விரித்துக்கொண்டு கேட்டைத் திறந்து வந்தாள், பின்னாலேயே தெரு சனம் வந்தது, ஒருத்தர் கையில் மாலை. சங்கிலி பாவம், மூன்று ஓட்டைப் பானை பொண்ணுக்காக என்று நான் வாங்கிப் போனதை விசாரித்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். அத்தை உன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உன் பெயரைச் சொல்லி ஒப்பாரி எடுத்தாள். பட்டப்பகலில் உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயரை அந்த ராகத்தில் கேட்பது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருசம் கரண்ட் கம்பத்தில் ஏறி இறங்கியவன், மாதுளை மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சத்தம் போட்டு எல்லோருக்கும் விளக்கினேன். பானையைப் பார்த்தார்கள், அது சொட்டுவதைப் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. உனக்குப் போன் போட்டுக் காட்டலாம் என்றால் லைன் போகவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், ஒருத்தர்கூட போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லையம்மா. சாவு வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் போவார்கள்.

பானை இன்னும் தொங்குகிறது. உடைத்துவிடுகிறேன் என்று உன் அம்மா உலக்கையைத் தூக்கிக்கொண்டு போனவள், பாதியிலேயே திரும்பி வந்துவிட்டாள். உடைப்பதுதானே அந்தச் சடங்கின் முடிவு. உடைக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். அன்றைக்குப் பிறகு நான் தண்ணீர் ஊற்றவே இல்லை, ஆனால் தினமும் சாயங்காலம் பானைக்குக் கீழே மண் ஈரமாக இருக்கிறது. அவள் ஊற்றுகிறாள் என்று நான் நினைத்தேன், நான் ஊற்றுகிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். நேற்றுத்தான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். பதியம் வேர் பிடிக்க மாசக்கணக்காகும் என்பது உனக்குத் தெரியாததா. பானை கட்டிப் பத்து நாள்கூட ஆகவில்லை, இன்று காலையில் மூன்று ஓட்டையிலும் வெள்ளை வேர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இனி அறுக்க வேண்டியதுதான் பாக்கி. நான் அறுக்க மாட்டேன், தாய் மரத்தோடேயே இருக்கட்டும்.

பழங்காநத்தத்துப் பெரியப்பா இறந்தபோது, பாண்டியராஜனுக்குத்தான் ஆம்பளைப் பிள்ளை இல்லையே, அவனுக்கு யார் குடம் எடுப்பது என்று யாரோ கேட்டார்கள். எங்கப்பாவுக்கு நான் எடுப்பேன் என்று நீ அத்தனை பேர் முன்னால் சொன்னாய். வாயாடி என்று அதட்டினேன், உள்ளுக்குள் எனக்கு அம்புட்டுப் பெருமை. அந்தப் பானை எனக்கு உரியது சத்யா, எனக்காக நீ தூக்க வேண்டியது. அந்த முறை மாறினால் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. குழிக்குள் தனியாக இறங்காதே, அந்தப் பொந்துகளுக்குள் கை விடாதே. கருப்பசாமி உன் கூடவே காவலாக நிற்கட்டும், நீ நூறு வயசு இருக்க வேண்டும். கடைசியாகப் பேசியபோது போனை வைக்கும் முன் நீ என்ன சொன்னாய் என்று யோசித்துப் பார்த்தேன். சரிப்பா, போறேன் என்றாய். அவசரத்தில் வந்த வார்த்தைதான், ஆனாலும் அதைத் திருத்தாமல் விடாதே. இது கைக்குக் கிடைத்ததும் எங்கிருந்தாவது கூப்பிடு, வேறு எதுவும் பேச வேண்டாம், வாரேன் என்று மட்டும் சொல். அதைக் கேட்கும் வரை நாங்கள் மாதுளை மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்போம்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அப்பா பாண்டியராஜன், அம்மா முனீஸ்வரி