சேற்றுக்கு அடியில் கிடந்த தெரு

என் ஆசை மச்சான்,

நீ வென்றுவிட்டாய். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாகக் கேள். போன சனிக்கிழமை உன் மனைவி, என் தங்கச்சி சாந்தி, உன் பழைய வான் வண்டியை நடுக்காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போய் உன் காணி வாசலில் நிறுத்தினாள். ஒரு சில்லும் சேற்றில் புதையவில்லை.

மொன்றியலுக்கு வடக்கே நீ வாங்கிய அந்தக் காட்டுத் துண்டை யார் மதித்தார்கள்? டோர்வல் விமான நிலையத்தில் நாம் பயணப்பெட்டி ஏற்றி இறக்கிய காலத்தில், சாப்பாட்டு நேரமெல்லாம் உனக்கு அந்தத் தெருவின் கதைதான். வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் காட்டுக்கு நடுவே ஒரு கோடு இழுத்து, இரண்டு பக்கமும் காணி பிரித்துக் குடியேற்றினார்களாம். அவரவர் காணிக்கு முன்னால் உள்ள தெருவை அவரவரே வெட்ட வேண்டும், அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவன் சோம்பேறி என்றால் ஊரே அவன் வாசலில் புதையும்.

"எங்கட சனத்துக்கு ஏத்த சட்டம்," என்று சிரிப்பாய். "பக்கத்துக் காணிக்காரன் என்ன செய்யிறான் எண்டு பாக்கிறது கட்டாயம்."

உன் வாசலுக்கு முன்னால்தான் சதுப்பு. கனகாலம் ஒருவரும் போகாததால் தெருவைச் சேறு விழுங்கியிருந்தது. நாமிருவரும் ஒரு லொறி கல் கொண்டுபோய்க் கொட்டியது நினைவிருக்கிறதா? அடுத்த கிழமை போனால் கல்லும் இல்லை, கொட்டிய அடையாளமும் இல்லை. நான் தலையில் கை வைத்தேன். நீ மட்டும், "அடியில எங்கயோ தெரு கிடக்கு மச்சான். மரம் அடுக்கித்தான் கடந்திருப்பாங்கள்," என்றாய். தோண்டிப் பார்க்குமுன் உன் இதயம் நின்றுவிட்டது.

நீ போன பிறகு அந்த ஊர்ச் சபையிலிருந்து சாந்தியிடம் சொன்னார்கள்: பனி விழுமுன் வாகனம் போக வழி செய்யாவிட்டால் தெருவின் அந்தத் துண்டை மூடிவிடுவோம். தெரு போனால் உன் காணிக்கு வாசலே இல்லை. சொந்தக்காரர் எல்லாம் விற்றுத் தள்ளச் சொன்னார்கள். பியர்பொன்ட்ஸில் உள்ள உங்கள் வீட்டில் உன் படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு அவள் சொன்னதைக் கேள்.

"இவர் ஆசைப்பட்ட இடம் அண்ணை. விக்கமாட்டன். மண்வெட்டி நீங்கள் தூக்கிறீங்களோ, நான் தூக்கட்டோ?"

இருவரும் தூக்கினோம். சிரமதானம், கூலியில்லாமல் கைகொடுக்க வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். கோயில் ஆட்கள் வந்தார்கள், மாதா கோயில் ஆட்கள் வந்தார்கள், டோர்வல் ஆட்கள் சோற்றுப் பார்சலோடு வந்தார்கள். அடுத்த காணி மதாம், அந்தத் தெருவை வெட்டியவர்களின் வழி வந்த கிழவி, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் பிள்ளை பார்த்துப் பார்த்துப் பிரெஞ்சு படித்த சாந்தி எங்களுக்குச் சொன்னாள்.

"தெரு நேர போகேல்லையாம் அண்ணை. அந்தப் பெரிய பைன் மரத்தைச் சுத்தித்தானாம் இவவின்ர தகப்பன்ர வண்டில் போனது."

நாம் கல் கொட்டியது நேர்வழியில், மச்சான். இரண்டு கெட்டிக்காரர்.

பைன் மரத்தடியில் சாந்தியின் மண்வெட்டிதான் முதலில் எதிலோ தட்டியது. சேற்றை வழித்தால் ஒரு மரக்குற்றி. அதோடு ஒட்டி இன்னொன்று, பிறகு இன்னொன்று. குறுக்கே நெருக்கி அடுக்கிய மரங்கள், தண்ணீருக்குள் கிடந்ததால் உக்காமல் அப்படியே இருந்தன. சாந்தி அதன் மேல் குந்தியிருந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

மதாம் குனிந்து மரத்தைத் தடவினாள். தன் பூட்டன் வெட்டியதாக இருக்கும் என்றாள். பிறகு, அவர்களுக்கு முன்பே அந்த வழியால் இந்த மண்ணின் ஆதிக்குடிகள் நடந்து திரிந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னாள். காணி பறிபோன கதை நமக்குப் புதிதா? யாருடைய தடத்தின் மேல் நாம் கல் போடுகிறோம், மச்சான்? நீ இருந்தால் அன்று முழுக்க இதைத்தான் கதைத்திருப்போம்.

அந்த மரங்களின் மேல் கல் பரப்பி இறுக்கினோம். சனிக்கிழமை சபைக்காரர் வந்து நின்று பார்க்க, சாந்தி வானை எடுத்தாள். என்னை ஏறவிடவில்லை. "பக்கத்து சீட் இவருக்கு," என்றாள். அவள் வளைவு திரும்பி உன் வாசலுக்குப் போய் ஹோர்ன் அடித்தபோது காடு முழுக்க விசில். சபைக்காரர் சேற்றுச் சப்பாத்தோடு நடந்து பார்த்துவிட்டு, தெரு திறந்தே இருக்கட்டும் என்றார்.

இனிப் பனிக்காலம். அந்த நாளில் தெரு பனியில் மறைந்தால், போகிறவர் வழி தவறாதிருக்க அவரவர் வாசலில் இரண்டு பக்கமும் பச்சைக் கொப்பு நட்டு வைப்பார்களாம். மதாம் எனக்குக் கொப்பு வெட்டும் இடம் காட்டியிருக்கிறாள். எனக்கு உயிர் இருக்கும்வரை ஒவ்வொரு பனிக்கும் போய் நடுவேன். உன் வாசலில் ஒருவரும் புதையமாட்டார்கள்.

உன் பங்குத் தெருவுக்கும் பொறுப்பான,
உன் மச்சான்