இறக்கத்தில் மிச்சம் பிடித்த பெற்றோல்

25.05.2008, ஞாயிறு

விடியும்போது பெற்றோல் லீற்றருக்கு முப்பது ரூபாய் கூடியிருந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறிவிட்டது, மக்கள் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று வானொலியில் ஒரு பெரிய மனிதர் விளங்கப்படுத்தினார். தனக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை வாகனம் போகும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

சீனக்குடாப் பக்கம் ஆள் ஏற்றி ஹயர் போனால் பற்றைக்குள் அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். வெள்ளைக்காரன் கட்டியவை. அவற்றின் மேல் எல்லா நாட்டுக்கும் கண். எனக்கென்ன, அவற்றைப் பார்த்துக்கொண்டே அரை லீற்றர் பெற்றோலில் ஓட்டோ ஓடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு ஏறிய ஒரு அம்மா பழைய காசுதான் தருவேன் என்றார். விலை எனக்கு மட்டும் கூடியதாக நினைத்துவிட்டார் போலும்.

29.05.2008

என் மனைவி கமலேஸ்வரியின் அண்ணன் பாக்கியரத்தினம் ரொறன்ரோவில் டாக்சி ஓடுகிறார். இன்று போன் எடுத்தார். சண்டைக்குள் இருக்கிறோம், சுகம் கேட்க எடுத்தார் என்று நினைத்தேன். இல்லை, அழுவதற்கு எடுத்திருக்கிறார். அங்கேயும் பெற்றோல் ஏறிவிட்டதாம், சீவிக்க ஏலாதாம். எங்கள் விலையைக் கேட்டார். சொன்னேன். டொலருக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு இடமும் ஏறக்குறைய ஒரே விலைதானே மச்சான்" என்றார்.

ஒரே விலைதான். அவர் ஒரு நாளில் உழைப்பதை நான் ஒரு மாதத்தில் உழைக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கோடைக்கு நயாகரா போகும் யோசனையை விட்டுவிட்டார்களாம். கமலேஸ்வரி உண்மையாகவே கவலைப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

02.06.2008

ஓட்டோ ஸ்ராண்டில் பதினொரு வருடமாக என் பக்கத்தில் ஓட்டோ நிறுத்துகிறவர் அபூதாஹிர், கிண்ணியாக்காரர். கோபமே வராத மனிதர், அதுதான் எனக்குப் பிடிக்காது. அவருடைய தம்பி கட்டாரில் இருக்கிறான். அங்கே குடிக்கிற தண்ணீரைவிடப் பெற்றோல் மலிவாம். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

அந்தத் தம்பியிடம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. முதலாளியின் பவுசர் லொறியை ஓட்டுகிறான். பாஸ்போட் முதலாளியின் அலுமாரிக்குள். ஊருக்கு வராமல் நாலு வருடம். மலிந்த பெற்றோலை வைத்து அவன் எங்கே போவான்?

இன்று முதல் அபூதாஹிருக்கு நான் வைத்த பெயர் ஷேக்.

07.06.2008

உலகச் சந்தைக்கு நான் மருந்து கண்டுபிடித்துவிட்டேன். உவர்மலையில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மேட்டிலேயே இஞ்சினை நிறுத்திவிட்டால் ஓட்டோ தானாக உருண்டு கீழே ஆமியின் காவலரண், அந்தச் சென்றிவரை வருகிறது. சென்றியில் ஆமிக்காரன் பார்த்துவிட்டுக் கையைக் காட்டுவான். பிறகு இஞ்சினைப் போட்டால் சரி. சத்தமில்லை, புகையில்லை, பெற்றோலும் இல்லை. பெரிய மனிதர் சொன்ன சிக்கனம் இதுதானே?

08.06.2008

இன்று ஐந்து தடவை.

11.06.2008

ஸ்ராண்டில் நாலு பேர் பழகிவிட்டார்கள். ஷேக் மட்டும் மாட்டாராம். "தவம், சத்தம் கேட்டாத்தான் வாறது ஆரெண்டு சென்றில நிக்கிறவங்களுக்கு விளங்கும். நமக்கு இந்த மிச்சம் வேணா" என்றார் என்னைப் பார்த்து.

கட்டார் எண்ணெய்க் கிணறு இருக்கிறவருக்கு மிச்சம் எதற்கு என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் முகம் சிறுத்துப்போனது. அதைக் கண்டும் நான் விடவில்லை. ஹயர் முடிந்து அவர் வரும்போதெல்லாம் எழும்பி நின்று சலாம் வைத்தேன்.

14.06.2008

ஷேக்கும் உருண்டு வந்தார்! கைதட்டி வரவேற்றோம். நான்தான் தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன்.

17.06.2008

அபூதாஹிரைச் சுட்டுவிட்டார்கள்.

பொழுதுபட்டு ஆறே முக்கால். உவர்மலையில் ஆளை இறக்கிவிட்டுத் தனியாக வந்திருக்கிறார். இருட்டினால் சென்றியை நெருங்கும்போது முன்விளக்கை நிறுத்தி, உள்விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும். இங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். மனிதர் முன்விளக்கை நிறுத்தியிருக்கிறார், உள்விளக்கையும் போட்டிருக்கிறார். ஆனால் அவருடையது பழைய ஓட்டோ. இஞ்சின் நின்றால் உள்விளக்கு எரியாது. சத்தமும் இல்லாமல், வெளிச்சமும் இல்லாமல் ஒரு ஓட்டோ சென்றியைப் பார்த்து வந்தால், இந்தச் சண்டை நாளில் அங்கே நிற்கிற ஆமிக்காரன் என்ன நினைப்பான்?

இரண்டு வெடி. ஓட்டோ றோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள்.

நான் பகலில் மட்டும்தான் உருட்டுவேன். அதை அவரிட்டைச் சொன்னனானா? சொல்லேல்லை. சலாம் வைக்க மட்டும் எனக்கு நேரம் இருந்தது.

18.06.2008

உயிர் தப்பிவிட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

19.06.2008

கட்டிலுக்குப் பக்கத்தில் பொலிஸ் காவல். இஞ்சினையும் விளக்கையும் நிறுத்திவிட்டு ஏன் வந்தாய், உன்னை அனுப்பியது யார் என்று கேட்கிறார்களாம். பெற்றோல் மிச்சம் பிடிக்கத்தான் என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. கொஞ்சம் தேறியதும் கொழும்புக்குக் கொண்டுபோய் விசாரிப்பார்களாம். கொண்டுபோனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

பின்னேரம் அவருடைய மனைவி றம்லா வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அண்ணா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க பழக்கினதெண்டு அவர் பொலிஸுக்குச் சொல்லல்ல. உங்கட பேரை எடுக்கமாட்டாராம்."

பார்ப்போம் தங்கச்சி என்றேன். பார்ப்போமாம்! பெரிய மனிதர் வானொலியில் பேசியது மாதிரியே இருந்தது என்னுடைய கதையும்.

அவர் போனபிறகு கமலேஸ்வரி குசினியில் இருந்து வந்தாள். "தமிழன் ஒருத்தன் போய், சத்தமில்லாமல் சென்றிக்கு வர நான்தான் பழக்கினனான் எண்டு சொன்னால் உங்களை விடுவாங்களோ?" என்று கேட்டாள். விடமாட்டார்கள். எனக்கும் தெரியும்.

20.06.2008

ஸ்ராண்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாதாம். உருட்டினவர்கள் நாலு பேரும் அபூதாஹிர் ஏதோ பைத்தியத்தில் செய்தார் என்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள் என்று திட்ட வாயெடுத்தேன். அவர்களுக்குள் மூத்தவன் நான். அந்த மனுசன் குண்டடிபட்டுக் கிடந்துகொண்டு என்ர பேரை ஒளிக்குது. நான் வீட்டை இருந்து டயறி எழுதுறன். த்தூ.

21.06.2008

இன்று பொலிசுக்குப் போகிறேன். ஒரு சாரமும் துவாயும் பையில் வைத்திருக்கிறேன். கமலேஸ்வரி சோறு மட்டும் கட்டித் தந்தாள்.

25.06.2008

நாலு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். முதல் இரண்டு நாள் நடந்ததை எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள் பெரிய அதிகாரி வந்தார். தமிழ் கொஞ்சம் தெரிந்தவர். நான் சொன்னதை நம்பாமல், என் ஓட்டோவைக் கொண்டுவரச் சொல்லி உவர்மலைக்குக் கூட்டிப்போனார். கீழே சென்றிக்கு அறிவித்துவிட்டு, தானே பின்சீற்றில் ஏறி இருந்தார். பட்டப்பகல். மேட்டில் இஞ்சினை நிறுத்தினேன். உருண்டு வந்து சென்றிக்கு முன்னால் நின்றோம்.

"இதுல எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார்.

"மூண்டு ரூபா, சேர்."

தனக்குத் தமிழ் விளங்கவில்லை என்று நினைத்து, பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனிடம் சிங்களத்தில் கேட்டார். அவனும் மூன்று ரூபாய் என்றுதான் சொன்னான். அதிகாரி இறங்கிப் போனார். இன்று அபூதாஹிரின் கட்டிலில் இருந்தும் காவலை எடுத்துவிட்டார்கள்.

மூன்று ரூபாய். அந்த நேரம் அது எனக்கு எவ்வளவு பெரிய கெட்டித்தனம்!

13.07.2008

கட்டார்த் தம்பிக்கு லீவு இல்லையாம். அண்ணன் உயிரோடுதானே இருக்கிறார் என்று முதலாளி கேட்டானாம்.

30.12.2008

பெற்றோல் விலை குறைந்துவிட்டது. உலகச் சந்தைக்கு இப்போது சுகமாம். பெரிய மனிதர் தானே குறைத்ததுபோல வானொலியில் பேசினார். பாக்கியரத்தினம் நேற்றிரவு எடுத்து, அங்கே பாதிக்குப் பாதி இறங்கிவிட்டது என்று ஒரே சந்தோசம். வாற கோடைக்கு நயாகராதான்.

செவ்வாய்க்கிழமைகளில் அபூதாஹிரைக் கிளினிக்குக்கு நான்தான் ஏற்றிப்போகிறேன். இன்றும் ஊன்றுகோலைக் குறுக்கே வைத்துக்கொண்டு பின்னால் இருந்தார். நடந்ததற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் கேட்க நினைத்து, பெரிய மனிதரையும் பாக்கியரத்தினத்தையும் திட்டிக்கொண்டே கிளினிக் வந்துவிடுகிறது. இன்றும் விலை குறைந்த கதையைச் சொல்லித் திட்டினேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, கோபமில்லாமல், "அப்ப நாம ஆறு மாசம் பொறுத்திருந்தாப் போதுமே, என்ன தவம்?" என்றார்.

கிளினிக் வந்துவிட்டது. வாசலில் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.