நேர்ந்து விட்ட கால்

14 மார்ச் 2005, ஆரையம்பதி

தார்ப்பாய் இன்றைக்கும் மத்தியானத்தோடு முடிந்துவிட்டது. கல்லடியில் என் கடை இருந்த இடத்தில் கடல் விட்டுப்போனது சீமெந்துத் தரை மட்டும்தான். அதன் மேல் கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, அதற்குள் இருந்து தார்ப்பாயே விற்கிறேன். பருப்பும் சவுக்காரமும் நிவாரணத்தில் சும்மா கிடைக்கும்போது அதை எவன் வந்து என்னிடம் வாங்குவான்? சனத்துக்குக் கூரை வேண்டும். கூரை விற்கிறேன். இதில் என்ன பிழை?

பிழை என்று ஒருத்தன் கண்டுபிடித்திருக்கிறான். நல்லரத்தினம். என் பெண்சாதி புஸ்பத்தின் தம்பி. செத்தவீட்டுப் பந்தியில் இருந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்: "என்ன கா மச்சான், கடல் எல்லாரையும் கொண்டு போச்சு, உங்களுக்கு மட்டும் படியளந்திட்டுப் போயிருக்கு."

நாலு பேர் சிரித்தார்கள். சோற்றை விட்டுட்டு எழும்பி வந்திட்டன். என்ட கடையும் கடலோடதான் போச்சு. அது அவன்ட கண்ணுக்குப் படல்ல. இனி அவனோடு கதை இல்லை.

15 மார்ச்

புஸ்பம் இன்றைக்குத்தான் சொல்கிறாள். தண்ணீர் வந்த அன்று பின்னேரம் வரைக்கும் நான் வீட்டுக்கு வரவில்லைதானே. அப்போது நேர்ந்துவிட்டாளாம், ஆள் உயிரோடு வந்தால் கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால் நடக்க விடுகிறேன் என்று.

"ஆரை நடக்க விடுறாய்?"

"உங்களத்தான்."

"நேர்ந்தது நீ. நடக்கிறது நானா?"

"உசிர் ஆர்ட?" என்றாள்.

என்னைக் கேட்காமல் என் காலை ஈடு வைத்திருக்கிறாள்.

9 ஆகஸ்ட் 2006

சண்டை திரும்பவும் வந்துவிட்டது. வெளிநாட்டு நிறுவனக்காரர் மூட்டை கட்டுகிறார்கள். வரும்போது கண்ணீரோடு வந்தார்கள், போகும்போது ஏலம் போட்டுவிட்டுப் போகிறார்கள். காத்தான்குடி வியாபாரி முகைதீன்பாவாவும் நானும் சேர்ந்து ஒரு களஞ்சியத்தையே எடுத்தோம். கூடாரம், படுக்கைப் பை, டோச் லைட், மடிக்கிற அடுப்பு.

அதற்குள் ஒரு முதுகுப் பை. நீலம். யாரோ உயரமான வெள்ளைக்காரன் சுமந்தது. சிப்பை இழுத்துப் பார்த்தேன், தையலைத் திருப்பிப் பார்த்தேன், குறை இல்லை. தோளில் மாட்டி இடுப்புப் பட்டியை இறுக்கினால் சுமை தோளை விட்டு இறங்கி இடுப்பில் குந்துகிறது! பிஞ்சு வயதில் இருந்து அரிசி மூட்டை சுமந்து கழுத்து வளைந்தவன் நான். இப்படி ஒரு வித்தை இருக்கிறது என்று ஒரு நாய் எனக்குச் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் விற்பேன். இது விற்பனைக்கு இல்லை.

11 பெப்ரவரி 2007

கதிர்காமத்துக்கென்று நடந்து பழகுகிறேன். பைக்குள் அரிசியை நிரப்பி விடியலில் வாவிக் கரைப் பக்கம் ஒரு சுற்று. இன்றைக்குச் சந்தியில் ஆமிக்காரன் மறித்தான். பையை அப்படியே றோட்டில் கொட்டச் சொன்னான். கொட்டினேன். அரிசி.

கொஞ்சத் தமிழில் கேட்டான்: "எங்க கொண்டு போறது?"

"எங்கயும் இல்லை. வீட்டுக்குத்தான்."

"எங்க இருந்து?"

"வீட்டில இருந்து."

துவக்கை மறுகைக்கு மாற்றினான். வீட்டில் இருந்து வீட்டுக்கு அரிசி சுமக்கிற கிழவனை அவன் எந்தக் கணக்கில் சேர்ப்பான்? வெயில் ஏறும் வரைக்கும் குந்த வைத்துவிட்டு விட்டான். மண்ணும் கல்லுமாக அள்ளிக்கொண்டு வந்தேன். புஸ்பம் அதைக் கோழிக்குப் போட்டாள்.

அந்த நேர்த்தியை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது.

19 மே 2009

சண்டை முடிந்ததாம். சந்தியில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன்.

3 டிசம்பர் 2009

சண்டையில் மூடிக்கிடந்த காட்டுப் பாதை திறக்கப் போகிறது, முழங்கால் மூடிவிட்டது. டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறார்: "எலும்போட எலும்பு உரசுது ஐயா. பஸ்ஸில போய்க் கும்பிடுங்க." பஸ்ஸில் போக எனக்கு எதற்கு டொக்டர்?

முகைதீன்பாவா கடைக்கு வந்து முழங்காலை அமத்திப் பார்த்தார். "பை நல்ல சாமான்தான் அண்ணன். சுமக்கிற வாகனம் பழசாப் பெய்த்து" என்றார். வேறு யாரும் சொல்லியிருந்தால் கடையை விட்டுத் துரத்தியிருப்பேன்.

ஆத்திரம் யார் மேல்? சண்டை மேல்தான். கால் இருந்தபோது பாதை இல்லை. என் வயதுக்காரர் எல்லாருக்கும் ஏதோ ஒன்று இப்படித்தான் போனது. சரி, அதை எழுதி என்ன.

22 ஏப்ரல் 2010

கொழும்பில் இருந்து மலை ஏறுகிற சப்பாத்து எடுப்பித்தேன். ஊன்றிக்கொள்ள இரண்டு கம்பு. வேண்டிய மட்டும் நீட்டலாம், குறைக்கலாம். புஸ்பத்துக்கு நடந்து காட்டினேன். "நண்டு மாதிரி இரிக்கி" என்று சிரிக்கிறாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள், வெள்ளியில் கால் செய்து உண்டியலில் போட்டாலும் நேர்த்தி தீருமாம், களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் ஆரோ சொன்னார்களாம்.

"என்ட கால் இருக்கேக்க வெள்ளிக்கால் என்னத்துக்கு?"

வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் நான் பயப்பட வேண்டும்.

5 ஜூன்

களுதாவளையில் இருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற கூட்டத்துக்கு வேல் பிடிக்கிறவன் ஆரென்றால், அவனேதான், நல்லரத்தினம். என்னை விட மூன்று வயது இளமை. புஸ்பம் போய்க் கேட்டாளாம். "அக்காட நேர்த்தி, மறுக்கேலாது. வரட்டும். ஆனா வேலுக்குப் பின்னால சப்பாத்தோட வரப்படாது. கடைசியில வரட்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

இன்னொன்றும் கிடக்கு. யாத்திரையில் ஆளுக்கு ஆள் பேர் சொல்லக் கூடாது, முறை சொல்லக் கூடாது. பிள்ளையென்ன, பெரியவரென்ன, எல்லாருக்கும் 'சாமி'தான்.

அவனை நான் சாமி என்று கூப்பிடுவேனா? வாயைத் திறக்காமலே நடப்பேன்.

23 ஜூன், திருக்கோவில்

பெருவிரல் தோல் கழன்றுவிட்டது. மற்றவர்கள் வெறுங்காலும் ரப்பர் செருப்புமாகப் போகிறார்கள். அவன் ஒரு சாரத்தில் முடிந்த பொட்டலத்தோடு முன்னால் போகிறான். நான் கடைசியில் எல்லாருடைய புழுதியையும் தின்றுகொண்டு போகிறேன். பையில் அடுப்பு இரண்டு, டோச் இரண்டு, எல்லாம் இரண்டு. ஒன்றைக் கடல் கொண்டுபோனால் மற்றது இருக்கட்டும் என்று வைக்கிற பழக்கம் அந்த வருஷத்தில் இருந்து. காட்டில் எங்கே கடல்? முதுகு கேட்கிறது, கேட்கட்டும்.

30 ஜூன், உகந்தை

நாளைக்குக் காட்டு வாசல் திறக்கும். மருந்து தேடிப் பையின் மேற்பொக்கற்றைத் திறந்தால் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. அவிழ்த்தேன். வெள்ளிக்கால். முழங்காலோடு சேர்த்துச் செய்வித்திருக்கிறாள்.

நான் விழுவேன் என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாள்! ஒரு சதத்துக்கும் என்னை நம்பவில்லை. மணலில் எறிந்துவிட்டு வரத்தான் நினைத்தேன். திரும்ப முடிந்து வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்?

2 ஜூலை, கும்புக்கன் ஆறு

முடிஞ்சுது.

குமண தாண்டினதும் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. கூட்டம் கண்ணுக்கு மறைந்துபோனது. காட்டில் பிந்தினவன் 'அரோகரா' என்று குரல் வைக்க வேண்டும், முன்னால் போகிறவர்கள் பதில் குரல் வைத்து நிற்பார்கள். அதுதான் வழக்கம். நான் குரல் வைக்கவில்லை. குரல் வைத்தால் நிற்கப்போகிறது ஆர்? அவன்தானே.

இப்படி ஒரு மடையன் இருப்பானா? யானை லத்தி ஆவி பறக்கக் கிடக்கு, நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு ரோஷம் பார்க்கிறேன்.

முன்னால் இருந்து தானாகவே குரல் வந்தது. "அரோகரா!" நான் வாய் திறக்கவில்லை. திரும்பவும் வந்தது, இன்னும் கிட்ட. பிறகு ஆளே வந்தது, வேலாயுதத்தை வேறொருத்தரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு. என் முழங்காலைப் பார்த்தான். வாயை இரண்டு தரம் திறந்து மூடினான். மச்சான் என்று சொல்லவும் ஏலாது, பேர் சொல்லவும் ஏலாது. எனக்குச் சிரிப்பு வந்தது, வலியோடு.

"சாமி," என்றான். "குரல் வைக்கப்படாதா?"

அந்தச் செத்தவீட்டுக்குப் பிறகு அவன் என்னோடு பேசின முதல் பேச்சு. அதுவும் மரியாதையாக.

"தொண்டை அடைச்சிட்டு சாமி" என்றேன். என்ட வாய்தான் சொல்லிச்சு.

தோளில் கை போட்டு ஆறு வரைக்கும் கொண்டு வந்தான். ஆமிக்காரர் தண்ணீர் கொண்டு வந்த உழவு மெசின் பெட்டியைக் காலியாக இழுத்துக்கொண்டு உகந்தைக்குத் திரும்புகிறது. அதில் ஏறச் சொன்னான். நான் ஏலாது என்றேன். இனித்தான் நாவலடி, வியாழை, தண்ணீர் இல்லாத இடம், இந்தக் காலோடு வந்தால் எல்லாரும் உங்களுக்காக நிற்க வேண்டும் சாமி என்றான். அதில் நக்கல் இல்லை. நக்கல் இருந்திருந்தால் நடந்திருப்பேன்.

பையைக் கழற்றினேன். இரட்டைச் சாமானை எல்லாம் கூட்டத்துக்குப் பங்கு போட்டேன். காட்டில் விற்கக் கூடாது, விற்கவும் இல்லை. மஞ்சள் முடிச்சை எடுத்துக் காட்டினேன். "அக்கா தந்தது. போட்டிடுங்க."

"பையோடயே தாங்க சாமி" என்றான்.

நான்தான் அவனுக்கு மாட்டிவிட்டேன். என் கையால் இடுப்புப் பட்டியை இறுக்கினேன். இரண்டடி வைத்தான், நின்றான், திரும்பி என்னைப் பார்த்தான். அன்று களஞ்சியத்தில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அப்படியே ஆற்றில் இறங்கினான், திருடன்.

4 ஜூலை, வீடு

புஸ்பம் காலுக்கு எண்ணெய் போடுகிறாள். நானாகவே சொன்னேன்: "பை போகுது. நான் போகல்ல."

"கால் போகுதுதானே" என்றாள்.

சண்டை பிடிக்க நினைத்தேன். எண்ணெய் இதமாக இருந்தது.

18 ஜூலை

கடையில் நாலைந்து சனம். நல்லரத்தினம் உள்ளே வந்தான். மெலிந்திருந்தான். நீலப் பை அவன் முதுகில்.

"சாமி, போட்டாச்சு..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டான். கதிர்காமத்தோடு அந்தச் சொல்லும் முடிய வேண்டும். ஊருக்குள் வைத்துச் சொல்கிறவன் இல்லை. சனம் அவன் வாயைப் பார்க்கிறது. முகம் கறுத்துப்போய் மேசையில் பையை வைத்தான். "பக்கிள் ஒண்டு உடைஞ்சிட்டு. நல்ல சாமானாப் பாத்து விக்கப்படாதா மச்சான்?" என்று பாய்ந்தான்.

"நான் உனக்கு விக்கல்ல. நீ கொண்டு போனது."

"மாத்தி வைங்க. நாளைக்கு வாறன்" என்று விட்டுப் போனான்.

என்னுடைய பை. என்னுடைய பக்கிள். வந்து எடுப்பானாம். எனக்கு வந்த கோபத்தில் சாமான் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, அதே நீலத்தில் ஒன்று கிடைக்கும் வரைக்கும் விடவில்லை.

8 ஆகஸ்ட்

விடியலில் கடற்கரை மணலில் நடந்தேன். சப்பாத்து இல்லை, பை இல்லை, கம்பு ஒன்றுதான். முகைதீன்பாவா சொன்ன எண்ணெய் கொஞ்சம் கேட்கிறது. வாற வருஷம் உகந்தை வரைக்கும் பஸ், காடு மட்டும் நடை. பார்ப்பம்.

முன்னால் நல்லரத்தினம், நான் அரிசி நிரப்பின மாதிரி நீலப் பையில் மணலை நிரப்பி நடந்து பழகுகிறான். இடுப்புப் பட்டியைத் தளரவிட்டிருக்கிறான், மடையன், சுமை முழுக்கத் தோளில் தொங்குது. ஒவ்வொரு அடிக்கும் தோளைத் தூக்கித் தூக்கி விடுகிறான்.

நான் சொல்லல்ல. அவனாக் கேக்கட்டும். கேக்கிறதெண்டா, சாமி எண்டு கேக்கட்டும்.