பன்னிரண்டு கட்டிலும் ஒரு சிலிண்டரும்

அன்புள்ள மகளுக்கு,

அன்று வெல்டிங் காஸ் சிலிண்டர் வந்து இறங்கியபோது பட்டறையில் இருந்தவர்கள்: உள்ளே குழாய் வளைத்துக்கொண்டிருந்த உன் அண்ணன், குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த உன் அண்ணி, கிரைண்டர் போடுகிற ஒட்டடை (அவன் உயரத்துக்கு நீ வைத்த பேர்தான்), வாசலில் காஸ் வண்டிக்காரன், பெயின்ட் டின்களுக்கு நடுவில் நான். ஐந்து பேர், ஒருவரையும் விடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நல்லபடியாக இருக்கவேண்டும் என்று முதலில் எழுதியிருக்க வேண்டும், இரண்டாவதாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. இதற்குள் மூன்று தடவை எழுந்து கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நர்ஸ் ஹாஸ்டலுக்கு நாம் செய்துகொடுத்த இரட்டை அடுக்குக் கட்டில் பன்னிரண்டையும் திருப்பிக் கொண்டுவர அண்ணனும் அண்ணியும் காலையிலேயே லாரியில் போனார்கள், லாரி இன்றைக்குத்தான் கிடைத்தது. மத்தியானம் பதினொன்று வந்து இறங்கிவிட்டது. பன்னிரண்டாவது இருக்கிற அறை பூட்டியிருக்கிறதாம், சாவி வைத்திருக்கிற பெண் டூட்டியில் இருக்கிறாளாம். இரண்டு பேரும் அந்தக் கதவுக்கு முன்னால் காவல் நிற்கிறார்கள். யாரும் மேலே ஏற வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தும், அந்தப் பெண் அசதியாக வந்து நேரே மேல் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்றுதான் கேட்டுக்கும் இந்தக் காகிதத்துக்குமாக நடக்கிறேன்.

என்ன நடந்தது என்று அண்ணன் பாதிதான் உனக்குச் சொல்லியிருப்பான், அவனுக்கே பாதிதான் தெரியும். மெல்லிசுக் குழாயைப் பற்றவைக்க வெறும் கார்பன் காஸ் ஆகாது, சூடு கூடி ஓட்டை விழும், பொறி தெறித்து ஒட்டும், முக்கால் பங்கு ஆர்கானும் கால் பங்கு கார்பனும் கலந்து வருவதை வாங்குங்கள் என்று, அங்கே வெல்டிங் வேலை பார்க்கிற நீதான் போனில் சொன்னாய். இத்தனை வருஷம் கார்பன்ல ஓடாத பட்டறையா, இவ அங்க போனதும் புது வாத்தியார் ஆயிட்டா என்று அவன் முணுமுணுத்தான். அப்புறம் ஒரே நாளில் ஒன்பது ஓட்டையை அடைத்துவிட்டு, சரி வாங்கித் தொலைப்போம் என்றான். உன் அண்ணி காஸ் கடைக்குப் போன் போட்டுக் கலப்பு காஸ் என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். இந்த வரியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்.

வண்டிக்காரன் வந்தவன், கலப்பு தீர்ந்துபோச்சும்மா, வர ரெண்டு நாளாகும், சுத்த ஆர்கான் இருக்கு, இது அதைவிட உசத்தி, தண்ணி விடாத பால் மாதிரி என்றான். மிஷின் சத்தத்தில் உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. கலந்ததைவிடக் கலக்காதது நல்லதுதானே, பால் வாங்குகிற எவளுக்கும் அது தெரியும் என்று நினைத்து, இறக்கு என்றேன். அவன் நீட்டிய இங்கிலீஷ் சீட்டில் கையெழுத்தும் போட்டேன். உன் அண்ணி பத்தடி தூரத்தில்தான் இருந்தாள், இதை என்னவென்று வாசி என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. ஏன் தெரியுமா? அவள் கல்யாணமாகி வந்த மூன்றாம் மாசம், நான் இங்கிலீஷில் இருந்த கரண்ட் பில்லை வைத்துக்கொண்டு பார்த்தபோது, குடுங்க அத்தை, நீங்க எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள கரண்டையே கட் பண்ணிடுவான் என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய், வாய் நிறையச் சோற்றோடு சிரித்துப் புரையேறியது உனக்கு. பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, அன்றிலிருந்து அவளிடம் ஒரு காகிதத்தையும் நீட்டியதில்லை.

அண்ணன் அதுவரை கலப்பில் வேலை செய்ததில்லை, அதனால் வித்தியாசம் தெரியவில்லை. பற்ற வைத்த இடம் எல்லாம் கயிறு ஒட்டினமாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கலப்பு இப்படித்தான் போல, ஆனா பொறியே இல்லம்மா என்று சந்தோஷப்பட்டான். முன்பெல்லாம் சிலிண்டர் மாறினால் உன் அப்பா இரண்டு துண்டைப் பற்றவைத்து, வைஸில் இறுக்கி, சுத்தியலால் அடித்து முறித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் கை வைப்பார். அதை இவனுக்கு நான் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டாமா? மாறாக, கயிறாக நிற்பதெல்லாம் பெயின்ட்டில் அசிங்கமாகத் தெரியும் என்று ஒட்டடையை ஏவி மட்டமாகத் தேய்க்கச் சொன்னேன். அங்கே ஒட்டு என்று இருந்ததே மேலே நின்றதுதான், அதையும் தேய்த்து எடுத்துவிட்டோம். கட்டில் போன மூன்றாம் நாள் வார்டன் அம்மா போன் பண்ணினார். கட்டில் ஏணியின் படி ஒன்று ஒரு பெண்ணின் காலோடு கழன்று வந்துவிட்டது, முழங்காலில் சிராய்ப்பு. அண்ணன் இங்கே மிச்சம் கிடந்த ஏணியை வைஸில் போட்டு ஒரே அடி அடித்தான், பிஸ்கட் மாதிரி ஒட்டு விட்டுப்போனது. உள்ளே பார்த்தால் குழாய் அப்படியே இருக்கிறது, பற்றவைத்தது அதைக் கடிக்கவே இல்லை.

அப்புறம்தான் சிலிண்டர் கழுத்தில் இருந்த சீட்டை வாசித்தான். நீ என்னன்னு சொல்லி ஆர்டர் போட்ட என்று அவளிடம் கேட்டான். கலப்புன்னுதான் சொன்னேன் என்றாள். அப்ப இது தானா நடந்து வந்துச்சா என்றான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. நீயும் உன் பங்குக்குப் போனில், அண்ணிக்குக் காதுல விழறது வாய்க்கு வரதுக்குள்ள மாறிடுமா என்று கேட்டாய். ஸ்பீக்கர் போட்டிருந்தது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் காதில் அது விழுந்தது. நான் கையெழுத்துப் போட்ட சீட்டு தின்னர் டின்னுக்கு அடியில் இருந்தது. நான் அந்த டின்னுக்குப் பக்கத்திலேயே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.

ஹாரன் கேட்கிறது, இரு.

மறுபடி எழுதுகிறேன். பன்னிரண்டாவதும் வந்துவிட்டது. அந்தப் பெண் வந்ததும் இவர்களே பெட்டியைத் தூக்கிக்கொடுத்துக் கட்டிலைக் கழற்றிவிட்டார்களாம், யாரும் ஏறவில்லை. கைகழுவப் போன உன் அண்ணியின் பின்னால் போய் சீட்டை நீட்டினேன். வாங்கவில்லை. தெரியும் அத்தை, அன்னைக்கே டின்னைத் தூக்கினப்ப பார்த்தேன், கடைசி எழுத்துக்கு வால் போடறது இந்த வீட்டுல நீங்க ஒருத்தர்தானே என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் என்றாள். அவ்வளவுதான், சோப்பைத் தேய்க்கப் போய்விட்டாள். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் இன்னும் பன்னிரண்டு வருஷத்துக்குக் கறுவிக்கொண்டிருக்க எனக்கு வேலை இருந்திருக்கும்.

உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவன் கையுறையைக் கழற்றி வைஸ் மேல் வைத்தான். பிறகு, இனிமே சிலிண்டர் வந்தா முதல் அடி நீதாம்மா அடிக்கணும் என்றான். நேற்று வந்து நின்ற கலப்புச் சிலிண்டரை அப்போதே மாட்டினான். அதற்கு முன்னால் அதன் கழுத்தில் இருந்த இங்கிலீஷ் சீட்டை நான் வாசித்தேன். எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை உன் அண்ணி பக்கத்தில் நின்றாள், கையை நீட்டவே இல்லை. இரண்டு துண்டு பற்றவைத்து வைஸில் இறுக்கித் தந்தார்கள், ஏழு அடி அடித்தேன். குழாய் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. நீ சொன்னதுதான் சரி. நாளைக்கு முதல் கட்டிலிலிருந்து திரும்ப ஆரம்பிக்கிறோம். வார்டன் அம்மா பத்து நாள் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. இது கிடைத்த அன்றைக்கே அண்ணிக்குப் போன் போடு. சுற்றி வளைக்காமல், தப்பாப் பேசிட்டேன் அண்ணி என்று சொல். அம்மா எழுதினாள் என்று என்னைச் சாக்காக இழுக்காதே. குட்டிக்குச் சளி என்றாயே, தலையை ஈரத்தோடு விடாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன் கைபட்டதெல்லாம் உறுதியாக நிற்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இரு.

வண்டிக்காரன் விற்கத் தெரிந்தவன், விற்றான், அவனை விட்டுவிட்டேன். கரண்ட் பில் பேச்சையும் இன்றோடு விட்டேன். அன்று பட்டறையில் இருந்த ஐந்து பேரில் நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான், அவள் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறாள், வாலோடு.

இப்படிக்கு,
உன் அம்மா