அண்ணி கொடுத்த நோட்டீஸ்

அண்ணி,

இன்று காலை கோயில் திருவிழா நோட்டீஸை ஆயாக் கொட்டகைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ரோஸ் நிறக் காகிதம், கஞ்சிப் பசையின் புளித்த வாடை. அந்த வாடையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

இந்த ஒரு இங்கிலீஷ் சொல்லுக்குத்தான் நம் ரப்பர்த் தோட்டத்தில் எத்தனை வேலை! திருவிழாவுக்கு நோட்டீஸ். லாயாங் லாயாங் டவுனில் நாடகம் போட்டால் அதற்கும் நோட்டீஸ். ஆளை வேலையைவிட்டு அனுப்பினாலும் நோட்டீஸ். கவனிப்பதற்கும் அதே சொல்தானாம், பள்ளிக்கூடத்தில் சொன்னார்களென்று இவள் சொல்கிறாள். துரைமார் அதை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அப்போது, தினமும் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் கொட்டகைச் சுவரிலும் ஒன்று ஒட்டியிருந்தது. தமிழில்தான் இருந்தது. ஆனாலும் கோர்ட்டுக் காகிதமென்று நினைத்து யாரும் கிட்டப் போகமாட்டோம். நீங்கள்தான் யோங் பெங்கிலிருந்து வந்த துணிக்காரரை இழுத்துப் போய்ப் படிக்கச் சொன்னீர்கள். ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுக் கூலியாள் வேலையை விட்டுப் போகலாம், யாரும் தடுக்க முடியாது என்று அதில் இருந்தது.

"அப்ப நாமளும் நோட்டீஸ் குடுக்கலாமா?" என்று கேட்டீர்கள். துணிக்காரர் சிரித்தார்.

அந்த வருஷ அடைமழையில், நாங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக் கொட்டகையின் அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகியது. தொட்டிலெல்லாம் ஈரம். என் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. கூரையைப் பற்றிக் கேட்டால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்பார் துரை. நான் அழுதுகொண்டே பால்மரம் சீவப் போனேன்.

மறுநாள் பெரட்டில் நீங்கள் வரிசையை விட்டு முன்னால் போய், பெயர் கூப்பிடும் கிராணி எதிரில் நின்றீர்கள்.

"கிராணி, தொரைகிட்ட சொல்லுங்க. பொம்பளைங்க நாங்க நோட்டீஸ் குடுக்குறோம். ஒரு மாசத்துல கூரை மாறலைன்னா கெளம்பிடுவோம்."

கங்காணிதான் பாய்ந்தார். "புள்ள இல்லாதவளுக்கு என்னாடி ஆயாக் கொட்டாய்ப் பேச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் அசையவில்லை. "புள்ள உள்ளவங்க பயப்படுவாங்க. எனக்கு என்னா பயம்? அதான் நான் சொல்றேன்."

அதன் பிறகுதான் ஒவ்வொருத்தியாக உங்கள் பின்னால் வந்து நின்றோம். முதலில் வந்தது நானில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் உண்டு.

பத்தே நாளில் தகரக் கூரையும் பலகைத் தரையும் வந்தன. எங்கள் நோட்டீஸை வாபஸ் வாங்கச் சொன்ன துரை, உங்களுடையதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார். மாதம் முடிந்ததும் அண்ணனும் நீங்களும் செனாய்ப் பக்கம் வேறு தோட்டத்துக்கு மூட்டை கட்டினீர்கள். நான் அழுதேன்.

"எதுக்கு அழுவுற? என்னைய யாரும் வெரட்டல. நானா நோட்டீஸ் குடுத்துட்டுப் போறேன்," என்றீர்கள்.

போன தை மாதம் செனாயிலிருந்து உங்கள் சாவுச் செய்தி வந்தது. பெரட்டில் முன்னால் போய் நின்று நானே எல்லோருக்கும் சொன்னேன்.

இப்போது இந்தக் கொட்டகைக்கு நான்தான் ஆயா. மழை பெய்தால் தகரத்தில் காதடைக்கிற சத்தம். புதிதாக வரும் தாய்மார் குறை சொல்வார்கள். "எங்க அண்ணி போட வச்ச கூரை, சத்தமாத்தான் இருக்கும்," என்பேன்.

இதோ, இப்போதும் கொட்டுகிறது. பிள்ளைகள் தூங்குகின்றன. அன்று மூச்சு இழுத்துக் கிடந்தவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறாள். காகிதத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, அண்ணி.