இன்னும் கொஞ்சம் அம்மோனியா

மார்ச் 3

இன்றும் திட்டு. மேனேஜர் மீட்டரைக் காட்டி, "என்னம்மா, நைட்ரஜன் ஆக்சைடு குறையவே இல்லையே. இவ்ளோ பெரிய மெஷின் வேடிக்கை பார்க்கவா வாங்கினோம்?" என்றார்.

நியாயமான கேள்விதான். பாய்லர் புகையைத் தண்ணீர் தெளித்துக் குளிரவைத்து, அம்மோனியா கலந்து, காங்கிரீட் அறைக்குள் எலக்ட்ரான் கற்றையால் அடித்தால், அதிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு உரத்தூளாக மாறி வடிகட்டியில் விழ வேண்டும். தூள் மூட்டை மூட்டையாக விழுகிறது. மீட்டரில் எண் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. ஏன்?

மாதக் கடைசிக்குள் பாதியாகக் குறைக்காவிட்டால் கற்றை இயந்திரத்தை மூடிவிடுவார்களாம். நான் பழையபடி சாம்பல் பிரிவுக்கு.

"அம்மோனியாவைக் கூட்டும்மா" என்று முடித்தார். கூட்டினேன்.

மார்ச் 5

கூட்டிய பிறகு எண் ஏறியிருக்கிறது. ஏறி!

மார்ச் 6

இவரோடு சண்டை. ஒரே ஆலையில் வேலை செய்யும் புருஷன் யாருக்கும் வாய்க்கக் கூடாது. பாய்லர் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து இவர் எரிக்கிறார், கடைசியில் புகையை நான் வாங்கிக்கொள்கிறேன்.

"நாங்க கஷ்டப்பட்டு எடுக்கிற கரண்ட்டை உன் மெஷின் உட்கார்ந்து திங்குது."

"நீங்க சொல்லாம கொள்ளாம லோடை ஏத்தி இறக்கறீங்க. என் புகை நிமிஷத்துக்கு ஒரு மாதிரி வருது."

"புகை எப்போலேர்ந்து உன்னுதாச்சு?"

அதோடு விட்டாரா? "முதல்ல சட்டையை மாத்து. பொதுக் கழிப்பறை வாடை அடிக்குது." மாமியார் சிரித்தேவிட்டார். கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன். நன்றாகப் பசித்தது.

மார்ச் 10

மேனேஜர் சொல்கிறார், இன்னும் கொஞ்சம் அம்மோனியா. லேப் அக்கா சொல்கிறார், இன்னும் கொஞ்சம். எனக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. நான் கூட்ட, எண் ஏற, எண் ஏறிற்றே என்று மறுபடி கூட்ட – செக்குமாடு தோற்றது.

சாம்பல் பிரிவில் சும்மா கிடந்தவள், நானாகக் கேட்டு வாங்கிய வேலை இது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு இப்போது குடைகிறதே என்றால்?

மார்ச் 17

அம்மோனியா லாரி வரவில்லை. வழியில் அச்சு முறிந்துவிட்டதாம். இருப்பதைப் பாதிக்குப் பாதியாகக் குறைத்து ஓட்டுகிறோம். இதுவும் சேர்ந்து படுத்தட்டும்.

அதே நாள், மாலை

எண் இறங்கிவிட்டது. பாதிக்கும் கீழே.

மேனேஜர் ஒரு வரியில் தண்ணீர் ஊற்றினார்: "பாய்லர் லோடு குறைஞ்சிருக்கும்மா, அதான் புகையும் கம்மி." இவருக்குப் போன் செய்தேன். "ஆமா, கொஞ்சம் இறக்கினோம். ஏன்?"

ஏனா?

மார்ச் 18

அந்தக் கழிப்பறை வாடை! சட்டையில் ஏறும் அளவுக்கு அம்மோனியா மிஞ்சுகிறது என்றால், மிச்சம் புகையோடு மீட்டருக்குள்ளும் போகத்தானே செய்யும்? மீட்டருக்குள் சிறிய உலை ஒன்று இருக்கிறது. ஆக்சைடுகளை எல்லாம் ஒரே வகையாக மாற்றி எண்ணுவதற்கு. அந்தச் சூட்டில் அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடாகிவிடும். கற்றை அதுபாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறது.

லேப் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே, அப்போ நாம ஊத்தினதைத்தான் அது எண்ணிட்டிருந்துச்சா?"

மீட்டருக்கு முன்னால் ஒரு அமிலப் புட்டியை வைத்தால் அம்மோனியா அதிலேயே தங்கிவிடும். தெரிந்துவிடும். ஆனால் சோதனை முடியும்வரை பாய்லர் லோடு அசையக் கூடாது. அசைந்தால் மேனேஜர் பழைய பாட்டையே பாடுவார்.

மார்ச் 19

இவரிடம் கேட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க, நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் லோடை அசைக்காம வைக்க முடியுமா?"

"உனக்காக பாய்லரைக் கட்டிப்போடணுமா? மேலே இருக்கற ஆபீசருக்கு யார் பதில் சொல்றது?"

கேட்டிருக்கவே கூடாது. சாம்பலுக்கே போய்த் தொலைகிறேன். அழுகையாக வந்தது, அழவில்லை.

மார்ச் 20

நம்பிக்கையே இல்லாமல்தான் தொடங்கினேன். பக்கத்தில் மேனேஜர். திரையில் லோடு கோடு அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல நேராகப் போகிறது. பாய்லரைக் கட்டித்தான் போட்டிருக்கிறார்.

புட்டி இல்லாமல்: பழைய எண். புட்டியோடு: கால்வாசி. எடுத்தேன், ஏறியது. மாட்டினேன், இறங்கியது.

"அப்போ இத்தனை நாளா..." என்றார் மேனேஜர்.

"ஆமா சார். இத்தனை நாளும்."

போன் அடித்தது. இவர்தான். "முடிஞ்சுதா? லோடை ஏத்து ஏத்துன்னு மேலேர்ந்து காது கிழியுது."

"முடிஞ்சுது."

"எவ்ளோ?"

சொன்னேன். "சரி, ஏத்தறேன்" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 2

இயந்திரம் இருக்கிறது. நானும் இருக்கிறேன். அம்மோனியா பாதியானதும் சட்டை வாடையும் போய்விட்டது. மீட்டரை மாற்றித் தருகிறேன் என்கிறார் மேனேஜர், தானே கண்டுபிடித்த மாதிரி. போகட்டும்.

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே இவர் சொன்னார்: "மத்தியானம் லோடு ஏத்தறோம். உன் புகை கூடுதலா வரும், பார்த்துக்கோ."

நான் கேட்கவே இல்லை. உன் புகை என்றார்.